காய்ந்த உப்பைச் சுரண்டியவளுக்கு

இன்று காலை குளிக்கும்போது என் இடது தோளிலிருந்து ஒரு கண்ணாடித் துண்டு வெளியே வந்தது. சோப்புப் போட்ட விரல் சுருக்கென்றது. பார்த்தால் தோலைக் கிழித்துக்கொண்டு அரிசிக் குருணை அளவில் ஒரு முனை எட்டிப் பார்த்தது. நகத்தால் நெம்பி எடுத்தேன். கொஞ்சம் ரத்தம், கொஞ்சம் எரிச்சல், அவ்வளவுதான். கழுவி, சோப்பு டப்பா மூடியில் வைத்துவிட்டு ஈரத்தோடு அப்படியே நின்றேன். நம் லேபில் இருந்த வடிகட்டும் புனலின் கண்ணாடி அது. நீ கடைசியாகக் கையில் பிடித்திருந்தது.

இத்தனை வருடம் உள்ளேயே கிடந்தது, இன்றைக்கு ஏன் வந்தது என்று கேட்பாய். தோள் முழுக்க நேற்று வாங்கிய அடி நீலம் பாய்ந்து கிடக்கிறது. அந்த அடிதான் இதை நகர்த்தியிருக்க வேண்டும். அடித்தது யார் என்று சொல்கிறேன். அதற்கு முன்னால் உன்னைத் திட்ட வேண்டும். நீ செத்ததற்கு அழுததைவிட, நீ செத்த விதத்துக்கு உன்னைத் திட்டியதுதான் எனக்கு அதிகம். பஸ்ஸில் உட்கார்ந்து திட்டியிருக்கிறேன். பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போதே பல்லைக் கடித்துக்கொண்டு திட்டியிருக்கிறேன். எல்லாம் தெரிந்த கழுதை, ஏனடீ அதைச் சுரண்டினாய்?

நமக்கு முதல் நாளே அடிதடிதானே. லேபில் யாரும் இல்லாமல் ஓவன் ஓடிக்கொண்டிருக்கிறதே என்று அணைத்தேன். உள்ளே உன் பாத்திரம் இருந்தது எனக்கு எப்படித் தெரியும்? நீ வந்து பார்த்தாய். என் பின்னலைப் பிடித்து இழுத்து மேசைமேல் தள்ளினாய். நான் பிரம்மதேசத்துக்காரி, மூன்று அண்ணன்களோடு அடித்துப் புரண்டு வளர்ந்தவள். திருப்பி உன் கன்னத்தில் ஒன்று வைத்தேன். கண்ணாடிக் குடுவை ஒன்று உருண்டு விழுந்து நொறுங்கியது. சத்தம் கேட்டு சார் தன் அறையிலிருந்து வந்தார். நம் இருவரையும் பார்த்தார். சண்டை முடிந்ததும் கண்ணாடியைப் பெருக்கிவிடுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார். நமக்கு வழிகாட்டியாக வாய்த்த அந்த மனிதர் அன்றைக்குச் சிரித்தாரா, கோபப்பட்டாரா என்று நாம் கடைசிவரை முடிவுசெய்யவில்லை. மதியம் உன் டிபன் பாக்ஸிலிருந்து கருவாட்டுத் துண்டு ஒன்றை என் சோற்றில் வைத்தாய்.

"உன் கை நல்லா கனமாத்தான் இருக்குது. களை வெட்டுன கையா?" என்று கேட்டாய்.

உன் கை மட்டும் என்ன லேசா? மரக்காணம் உப்பளத்தில் எட்டாவது படிக்கும்போதே அப்பாவோடு பலகை பிடித்து உப்பு இழுத்த கை. அந்தக் கையால் நீ பேருந்தில் ஒருவனை அறைந்தது எனக்கு நினைவிருக்கிறது. அனுமந்தை தாண்டி, உட்கார இடமில்லாமல் நின்றுகொண்டு போகிறோம். பின்னால் நின்றவன் என்மேல் சாய்ந்தான். நான் வாயைத் திறப்பதற்குள் அவன் மூக்கிலிருந்து ரத்தம் வந்தது. கண்டக்டர் விசில் அடித்து வண்டியை நிறுத்தினார். இறங்கச் சொன்னது அவனையா நம்மையா என்று தெரிந்துகொள்ளாமலே நீ அவனைக் காலரைப் பிடித்துக் கீழே தள்ளிவிட்டாய். பிறகு கோட்டக்குப்பத்தில் நாம் தங்கியிருந்த அறைக்கு வரும்வரை உன் கை நடுங்கிக்கொண்டே இருந்தது. பயமா என்று கேட்டேன். இன்னும் ரெண்டு போட்டிருக்கணும், அதான் என்றாய்.

நாம் என்ன ஆராய்ச்சி செய்கிறோம் என்று யாராவது கேட்டால் நான் திணறுவேன். உலோகமும் கரிமச் சேர்மமும் சேர்ந்து உருவாகும் சட்டகம், உள்ளே கண்ணுக்குத் தெரியாத அறைகள், ஒளி பட்டால் வினை தூண்டும் என்று நான் இழுப்பதற்குள் கேட்டவர் எழுந்து போயிருப்பார். நீதான் உன் தெருப் பெண்களுக்கு ஒரே மூச்சில் சொன்னாய்.

"நம்ம அளத்துல வெயிலு தண்ணியத் தூக்கிட்டு உப்ப வெச்சிட்டுப் போகுது. இந்தப் பொடியிலயும் பாத்தி பாத்தியா இருக்குது, கண்ணுக்குத் தெரியாது. இதுல வெயிலு அழுக்க ஒடச்சிப் போட்டுட்டு தண்ணிய வெச்சிட்டுப் போகும்."

இதைவிடச் சரியாக நான் இன்றுவரை எந்த வகுப்பிலும் சொன்னதில்லை. வரப்பு மூலைகளில் உலோகம், வரப்பாக நீளும் கரிமக் குச்சிகள், நடுவில் பாத்தி. உன் வாக்கியத்தைத்தான் ஒவ்வொரு வருடமும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். யார் சொன்னது என்று சொல்வதில்லை.

உனக்கு இந்தப் பொடிமேல் அத்தனை வெறி ஏன் என்று எனக்கு அந்தக் கடப்பாரை நாளில்தான் புரிந்தது. உங்கள் அளத்துக்குத் தண்ணீர் வரும் கால்வாயில் மேலே ஒரு இறால் பண்ணை கழிவைத் திறந்துவிட்டுக்கொண்டிருந்தது. இறாலுக்கு நோய் வராமல் இருக்கப் போடும் மருந்தெல்லாம் அதில்தான் வரும். உன் அப்பாவின் கணுக்காலில் புண் ஆறாமல் வழிந்துகொண்டிருந்தது. உப்பில் நிற்கிற காலில் புண் இருந்தால் எப்படி எரியும் என்று நீ சொல்லவில்லை, அவர் நடந்த விதத்தைப் பார்த்து நானே தெரிந்துகொண்டேன். மனு கொடுத்தார்கள், யாரும் வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ கடப்பாரையை எடுத்துக்கொண்டு போய் அந்தக் கழிவுக் குழாயை உடைத்தாய். நானும் கூட வந்தேன். குழாய் பிளந்து கறுப்புத் தண்ணீர் உன் முகத்தில் அடித்தது, நீ நிறுத்தவில்லை. பண்ணை ஆட்கள் ஓடி வந்தார்கள். உன்னைக் கீழே போட்டு மிதித்தார்கள். உன் புருவம் கிழிந்தது. நான் ஒருவன் கையைக் கடித்துச் சதையைப் பிய்த்தேன். அந்த ருசி இப்போதும் நினைத்தால் வாய்க்குள் வருகிறது.

மறுநாளே அங்கே புதுக் குழாய் வந்துவிட்டது. நீ தையல் போட்ட புருவத்தோடு லேபுக்கு வந்து உட்கார்ந்தாய்.

"கடப்பாரைய வெச்சிக்கினு ஒண்ணும் ஆவாதுடீ. வெயில வெச்சித்தான் அடிக்கணும்."

அன்றிலிருந்து நீ லேபில் செய்தது ஆராய்ச்சி இல்லை, பழிவாங்கல். சார் ஒருமுறை அப்படித்தான் சொன்னார். நீ மறுக்கவில்லை.

காய்ச்சி வடித்த தண்ணீரில் நம் பொடி அழகாக வேலை செய்தது. மருந்தைக் கலந்து வெயிலில் வைத்தால் உடைத்துப் போட்டது. உங்கள் கால்வாய்த் தண்ணீரைக் கேனில் கொண்டுவந்து அதில் போட்டால் சாயங்காலத்துக்குள் செத்துப்போனது. உப்பு உள்ளே புகுந்து வரப்புகளைப் பிய்த்து எறிந்தது. பாத்தி இடிந்து வெறும் சேறாகிவிட்டது. திரும்பத் திரும்பச் செய்தோம். உலோகத்தை மாற்றினோம், குச்சியை மாற்றினோம். ஒவ்வொரு தடவையும் மரக்காணத் தண்ணீர் ஜெயித்தது. நீ குடுவைகளைச் சுவரில் அடித்து உடைத்தாய். வடித்த தண்ணீரில் வந்த முடிவை மட்டும் எழுதிப் பட்டம் வாங்கிக்கொண்டு போகலாம் என்று நான் ஒருமுறை சொல்லிவிட்டேன். ஒரு வாரம் நீ என்னோடு பேசவில்லை. எங்கப்பன் காலு வடிச்ச தண்ணியிலயா நிக்குது என்று மட்டும் கேட்டாய்.

அப்புறம்தான் அந்த பெர்குளோரேட் உப்பு வந்தது. உலோகத்தை அந்த உப்பாக எடுத்துக்கொண்டு செய்தபோது படிகங்கள் பொடியாக வராமல் கல் கல்லாக, மஞ்சளாக, பளபளவென்று வந்தன. கால்வாய்த் தண்ணீரில் போட்டுப் பார்த்தோம். சாயங்காலம் ஆயிற்று, மறுநாள் ஆயிற்று, நின்றது. நீ என்னைத் தூக்கிச் சுற்றினாய். சார் மட்டும் சிரிக்கவில்லை. இந்த உப்பு கரிமப் பொருளோடு சேர்ந்து முழுக்கக் காய்ந்தால் லேசான உரசல் போதும், வெடிக்கும் என்றார். அவர் கூடப் படித்த ஒருவர் இதில் விரல்களை இழந்திருக்கிறார். நகக்கண் அளவுக்கு மேல் செய்யக்கூடாது, எப்போதும் ஈரமாகவே வைக்க வேண்டும், கிட்டே இரும்பு வரக்கூடாது, பிளாஸ்டிக் கரண்டிதான். நம் இருவரில் அவசரக்காரி நீ என்பதால் அந்த எச்சரிக்கையை உன்னையே எழுதி ஒட்டச் சொன்னார். நச்சுப் புகையை உறிஞ்சும் புகைக்கூண்டின் கண்ணாடிக் கதவில் கொட்டை எழுத்தில் நீயே எழுதினாய்: காய விடாதே, இரும்பால் தொடாதே, செத்துடுவ. கடைசி வார்த்தையைப் பார்த்து சார் புருவத்தைத் தூக்கினார். சரியாகத்தான் இருக்கிறது, இருக்கட்டும் என்றார்.

எனக்கு ஆறவே ஆறாத இடம் இதுதான். எழுதியவளே நீ.

நகக்கண் அளவு வைத்துக்கொண்டு கால்வாயை என்ன செய்வது என்று உனக்கு அவசரம். ஒரு வாளித் தண்ணீருக்காவது வேண்டும் என்று சாரிடம் சொல்லாமல் நிறையச் செய்தாய். எனக்கும் சொல்லவில்லை. வடிகட்டும் புனலில் போட்டு, பம்பை ஓடவிட்டு, சாப்பிடப் போனோம். திரும்பி வரும்போது அது முழுக்கக் காய்ந்து புனலின் அடியில் அடையாக ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது. நான் தொட்டிப் பக்கம் போய்க் குடுவைகளைக் கழுவ ஆரம்பித்தேன். உனக்கு இடது தோளைக் காட்டிக்கொண்டு நின்றேன். உன் சந்தோஷமான குரல் கேட்டது.

"நல்லா கலகலன்னு காஞ்சிருக்குதுடீ."

அது லேபில் பேசுகிறவளின் குரல் இல்லை. அளத்துக் குரல். ஈரமாக இருந்தால் அது உப்பே இல்லை, சேறு என்று உன் அப்பா சொல்வாரே, அவர் வளர்த்த பெண்ணின் குரல். ஈர உப்பைப் பார்த்தால் உங்கள் வீட்டில் எல்லோருக்கும் முகம் சுருங்கும். காய்ந்த உப்பைப் பார்த்தால் கை தானாக எழும். நான் திரும்பினேன். உன் கோட்டுப் பையிலிருந்த எவர்சில்வர் கரண்டி எப்போது உன் கைக்கு வந்தது என்று உனக்கே தெரிந்திருக்காது. அடையின் ஓரத்தில் ஒரு தட்டு, பிறகு மணிக்கட்டைச் சாய்த்து ஒரு திருப்பு, பிறகு உன் பக்கமாக ஓர் இழுப்பு. பாத்தியில் உப்பு ஆடையை உடைத்து இழுக்கிற அதே வீச்சு. அந்த இழுப்பு முடியவில்லை.

சத்தம் கேட்டது என்று சொல்ல முடியாது. காதுக்குள் யாரோ ஓங்கி அறைந்த மாதிரி இருந்தது. நான் தொட்டியில் மோதி விழுந்தேன். குழாய் பிய்ந்து தண்ணீர் கூரைவரை பீறிட்டது. எழுந்தபோது இடது பக்கம் முழுக்கச் சூடாக நனைந்திருந்தது, தண்ணீர் என்று நினைத்தேன். நீ புகைக்கூண்டுக்குக் கீழே மல்லாந்து கிடந்தாய். உன் வலது கை இருக்க வேண்டிய இடத்தைப் பார்த்துவிட்டு அதற்கப்புறம் நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. கழுத்திலிருந்து விட்டு விட்டு ரத்தம் அடித்தது. துப்பட்டாவை உருட்டி வைத்து என் உடம்பின் கனம் முழுக்கப் போட்டு அமுக்கினேன். நீ என்னைப் பார்த்தாய். வலியாகத் தெரியவில்லை. ஓவனை அணைத்தவளைப் பார்த்தாயே, அந்தப் பார்வை. சார் வகுப்பிலிருந்து ஓடி வந்து கண்ணாடித் தூளிலேயே மண்டியிட்டு, என் கைமேல் தன் கையை வைத்து அமுக்கினார். ஸ்ட்ரெச்சர் வருவதற்குள் கைக்கடியில் துடிப்பு நின்றுவிட்டது. நாங்கள் இருவரும் கையை எடுக்கவில்லை.

உன் காரியம் முடிந்த கையோடு உன் அப்பாவும் தெரு ஆட்களும் ஒரு வேன் நிறைய லேபுக்கு வந்தார்கள். வாத்தியார் உன்னை வைத்துக் குண்டு செய்தார் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். உப்பு இழுக்கிற பலகையிலிருந்து கழற்றிய கம்பு அவர் கையில் இருந்தது. நான் கட்டுகளோடு சாரின் அறையில் உட்கார்ந்திருந்தேன். கதவைத் திறந்தார்கள் என்று சொல்ல முடியாது, கதவு விழுந்தது. சார் எழுந்து நின்றார். எம் பொண்ண இன்னாடா பண்ண என்று கேட்டபடியே உன் அப்பா வீசினார். சார் முகத்துக்கு முன்னால் கையைத் தூக்கினார், எலும்பு முறிந்த சத்தம் எனக்குத் தெளிவாகக் கேட்டது. இரண்டாவது வீச்சு தோளில். நான் குறுக்கே விழுந்தேன்.

"அப்பா, சார் இல்லப்பா, அவளேதான்..."

"நீ வாய மூடு." அதைச் சொன்னது உன் அப்பா இல்லை, சார். அந்த மனிதர் என்னைப் பார்த்துக் கத்தியது அந்த ஒரு முறைதான். பிறகு உன் அப்பாவிடம் திரும்பி, என் லேபில் நடந்தது, பொறுப்பு என்னுடையதுதான் என்றார். இன்னும் இரண்டு அடி விழுந்தது. போலீஸ் வந்தபோது படிக்கட்டில் வழுக்கி விழுந்ததாகச் சொல்லிவிட்டார்.

ஆஸ்பத்திரியில் போய் அவரிடம் சண்டை போட்டேன். நீங்கள் படித்துப் படித்துச் சொன்னீர்கள், அவள்தான் கேட்கவில்லை, ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கை தப்பியிருக்குமே என்று கேட்டேன். மாவுக்கட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அவ எப்படிச் சுரண்டினான்னு நீதான் சொன்னே. அதை யார் கத்துக்குடுத்தா? அந்த ஆளு நாளைக்கும் பலகையப் பிடிச்சுத்தாம்மா சாப்பிடணும்."

விசாரணைக்கு வந்தவர்களிடமும் அவர் கூடுதலாக எதையும் சொல்லவில்லை. வந்தவர்களில் ஒருவர் நான் நடந்ததைச் சொல்லக் கேட்டுவிட்டு, உப்பளத்துப் பெண்தானே, சுரண்டித்தான் பழக்கம் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லி லேசாகச் சிரித்தார். மேசையில் இருந்த தண்ணீர் ஜக்கை எடுத்து அவர் முகத்தில் அடித்தேன். தண்ணீரை இல்லை, ஜக்கை. அவர் உதடு கிழிந்தது. அவர் சொன்னது பொய்யாக இருந்திருந்தால் எனக்கு அத்தனை வெறி வந்திருக்காது. அது உண்மை. அந்த உண்மையைச் சிரித்துக்கொண்டே சொல்ல அவர் யார்?

பிறகு எனக்குப் பட்டம் கிடைத்தது, வேலை கிடைத்தது. சார் ஓய்வு பெற்றார். அவருடைய வலது கை இன்றும் தோளுக்கு மேல் எழாது. நான் அந்த உப்பை மறுபடி தொடவில்லை. ஆனால் கால்வாயை விடவில்லை. சிர்கோனியம் வைத்து, வெறும் தண்ணீரிலேயே செய்கிற ஒரு சட்டகத்தை எடுத்துக்கொண்டேன். இளமஞ்சளாக வரும். வெடிக்காது. சுத்தியால் அடித்தாலும், அடுப்பில் போட்டாலும் வெடிக்காது, நானே போட்டுப் பார்த்திருக்கிறேன். உங்கள் தண்ணீரிலும் ஓரளவு நிற்கிறது. அதை ஓடுகளில் பூசி ஒட்டவைத்து, உன் அப்பாவிடம் போய்க் கால்வாய் வாயில் வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். முதல் தடவை சேற்றை வாரி என்மேல் எறிந்தார். அடுத்த தடவையும் அதேதான். மூன்றாவது தடவை ஓட்டைக் கையில் வாங்கி வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது அவளோட பொடியா?"

அவள் யோசனை, பொடி வேறு என்றேன். வைக்கவிட்டார். கணுக்காலில் புண் அப்படியேதான் இருக்கிறது. நான் அவரிடம் நீ செத்த விதத்தைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. அவரும் கேட்கவில்லை. மரக்காணத்துக்கு நான் போகும் ஒவ்வொரு தடவையும் நீ சுரண்டினாய் என்ற அந்த வார்த்தையை நாக்குக்கடியில் வைத்துக்கொண்டுதான் போவேன்.

ஒரு புதுச் சிக்கல் இருக்கிறது. வெயில் ஏற ஏற ஓட்டின்மேல் தண்ணீர் வற்றி உப்பு ஆடை படிந்துவிடுகிறது. ஆடை மூடினால் வெயில் பொடிமேல் படாது, வேலை நின்றுவிடும். நீ இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய். இங்கேயும் உப்புதான் எதிரி.

நேற்று உச்சி வெயிலில் ஓடுகளைப் பார்க்கப் போனேன். அப்பா ஏற்கெனவே ஓர் ஓட்டை வெளியே எடுத்து வரப்பில் வைத்து எதிரே குந்தியிருந்தார். ஓடு காய்ந்து, மஞ்சளுக்கு மேல் வெள்ளையாக அடை கட்டியிருந்தது. பாத்தியில் வண்டல் சுரண்டுகிற இரும்புத் தகடு அவர் கையில். நான் வரப்பில் நடந்து வருகிறேன். அடையின் ஓரத்தில் ஒரு தட்டு. மணிக்கட்டைச் சாய்த்து ஒரு திருப்பு.

இழுப்பை நான் வரவிடவில்லை. எப்படி அவ்வளவு தூரம் தாண்டினேன் என்று தெரியாது. அவர் மேல் மொத்தமாக விழுந்தேன். தகடு பறந்து பாத்தியில் போய்க் குத்திக்கொண்டது. அவர் தலை வரப்பில் மோதியது. அவரைச் சேற்றில் அமுக்கி, அவர் முகத்தை என் மார்பால் மூடிக்கொண்டு, கண்ணை இறுக்கிக் கிடந்தேன். கொக்கு கத்துகிற சத்தம் கேட்டது. வேறு ஒன்றும் கேட்கவில்லை.

"வெடிக்காது. வெடிக்காதுப்பா, வெடிக்காது" என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறேன்.

அவர் என்னைத் தள்ளிவிட்டு எழுந்து உட்கார்ந்தார். நெற்றியில் ரத்தம் வழிந்து, உப்புத் தண்ணீரோடு கண்ணுக்குள் இறங்கியது. துடைக்கவில்லை.

"வெடிக்குமான்னு நான் கேக்கவே இல்லியே" என்றார்.

அவர் ஓட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு வெறுங்கையைக் காற்றில் நீட்டி மெதுவாக ஒரு தட்டு, ஒரு திருப்பு, ஓர் இழுப்பு என்று செய்துகாட்டினார்.

"இப்படித்தானா?"

தலையை ஆட்டினேன்.

அடித்தார். மூடிய கை, நேராக இடது தோளில். மறுபடி அதே இடத்தில். நான் விலகவில்லை. ஏன் சொல்லவில்லை, ஏன் சொல்லவில்லை என்று கேட்டுக் கேட்டு அடித்தார். வயசான மனுஷன் என்று நினைத்தது எவ்வளவு தப்பு. மூச்சு வாங்கி நிறுத்தியபோதுதான் அவருக்கு இன்னொன்று உறைத்தது. கையைத் தன் வாய்மேல் வைத்துக்கொண்டார்.

"அந்த வாத்தியார அடிச்சனே. கை ஒடைய ஒடைய அடிச்சனே. அந்த மனுசன் வாயத் தொறக்கலியேம்மா."

அதற்கப்புறம் அவர் அழுத அழுகையை நான் எழுதப்போவதில்லை. உனக்குக் கேட்டிருக்கும். பக்கத்து அளத்தில் வேலை செய்தவர்கள் ஓடி வந்து நின்று, ஒன்றும் புரியாமல் திரும்பிப் போனார்கள்.

வெகுநேரம் கழித்து அவர் எழுந்து போய்ப் பாத்தியில் குத்தியிருந்த தகட்டைப் பிடுங்கினார். அதைக் கால்வாயில் தூக்கி எறியப் போகிறார் என்று நினைத்தேன். எறியவில்லை. கழுவி, இடுப்பில் செருகிக்கொண்டார். அது அவருடைய தொழில். பிறகு ஓட்டின் முன்னால் மறுபடி குந்தி உட்கார்ந்தார்.

"இதை இன்னா வெச்சி சுரண்டணும், சொல்லு."

இது வெடிக்காது, எதை வைத்தும் சுரண்டலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. என் பையிலிருந்த பிளாஸ்டிக் கரண்டியைக் கொடுத்தேன். அதை வாங்கி, ஒரு தட்டு, ஒரு திருப்பு. இழுப்பு வரும்போது அவர் கை நின்றது. பிறகு மெதுவாக, மிக மெதுவாக இழுத்தார். வெள்ளை ஆடை உரிந்து வந்தது. அடியில் உன் மஞ்சள் வெயிலில் தெரிந்தது. அடுத்த ஓட்டை எடுத்தார்.

இப்போது உன்னிடம் சொல்ல வேண்டியது. அந்தப் பொடியைச் செய்தவள் நான். அது வெடிக்காது என்று இந்த உலகத்தில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை. அப்படியும் பாய்ந்தேன். தெரிந்ததெல்லாம் தலையில் இருந்தது, கை அதைக் கேட்கவில்லை. நேற்றுவரை உன்னைக் கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்குச் சேற்றில் விழுந்து கிடக்கும்போதுதான் பதில் கிடைத்தது. கதவில் எழுதி ஒட்டியவளும் நீதான், சுரண்டியவளும் நீதான். அதில் பொய் ஒன்றும் இல்லை. இனி உன்னைத் திட்ட மாட்டேன். ஓவனைப் பற்றி மட்டும் எப்போதாவது திட்டுவேன்.

சாருக்குப் போன் செய்து உன் அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது என்றேன். பலகையைத் தொட்டாரா என்று மட்டும் கேட்டார். தகட்டைக் கழுவி இடுப்பில் செருகிக்கொண்டார் சார் என்றேன். நல்லது என்று வைத்துவிட்டார். அப்பா வரும் ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போக வேண்டும், கூட வா என்கிறார். போய் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியாது. காலில் விழுவார், அல்லது ஏன் சொல்லவில்லை என்று அவரையும் ஒன்று வைப்பார். நடுவில் நிற்க நான் போகத்தான் வேண்டும்.

கண்ணாடித் துண்டைத் துடைத்து மேசைமேல் வைத்திருக்கிறேன். காலையில் டாக்டரிடம் காட்டினேன். படம் எடுத்துப் பார்த்துவிட்டு, தோளுக்குள் இன்னும் சில துண்டுகள் இருக்கின்றன, கீறி எடுத்துவிடலாம் என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். தானாக வரும்போது வரட்டும். உன் அப்பாவின் கையில் இன்னும் பலம் இருக்கிறது.